காலிக் குழி

ஆய்வக இன்குபேட்டரின் கதவைத் திறந்ததும் மூத்திர வாடை அடித்தது. குழந்தை நனைத்த மெத்தையிலிருந்து கிளம்புமே, அந்த வெதுவெதுப்பான, லேசாகப் புளித்த வாடை. அவள் மூக்கை முழங்கை மடிப்பில் புதைத்துக்கொண்டாள். உள்ளே வளர்பவை சிறுநீரகத் திசுக்கள்தான். ஆனால் ரத்தக் குழாயோ வடிகாலோ இல்லாதவை. மூத்திரம் பெய்ய அவற்றால் முடியாது.

எல்லாம் அவளுடைய அண்ணன் மகனின் கட்டியிலிருந்து வந்தவை. தாய் வயிற்றில் குழந்தைக்குச் சிறுநீரகம் உருவாகும்போது சில செல்கள் வளர்ந்து முடிக்க மறந்துவிடுகின்றன. பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகும் அவை கருவாகவே இருந்து பெருகுகின்றன. அதுதான் அந்தப் புற்றுநோய். வெட்டியெடுத்த துணுக்கைக் கூழில் ஊன்றினால் கடுகளவு உருண்டைகளாகத் திரளும். ஆர்கனாய்டு என்று பெயர். ஆய்வகத்தில் மொட்டு என்பார்கள். அந்தக் கூழும் எலியின் கட்டியிலிருந்து எடுத்ததுதான். குளிரில் சளிபோல ஒழுகும், சூட்டில் இறுகும். தட்டில் வரிசையாகக் குழிகள், குழிக்கொரு மருந்து. எதில் மொட்டு சாகிறதோ அந்த மருந்து பையனுக்கும் கேட்கலாம். வழக்கமான மருந்துகள் அவனைக் கைவிட்டிருந்தன.

நேற்று ஒரு குழி காலியாக இருந்தது. அதிலிருந்த மருந்து மொட்டைக் கொன்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். இன்னொரு தடவை செய்து பார்க்கலாமே என்று மருத்துவர் தயங்கினார். நாளில்லை என்று இவள்தான் மன்றாடி ஒப்புக்கொள்ள வைத்தாள். இன்று காலையிலிருந்து அந்த மருந்து அவன் கையில் ஏறிக்கொண்டிருக்கிறது.

விடுமுறை நாள், ஆய்வகத்தில் வேறு யாருமில்லை. மொட்டுகளுக்கு ஊற்றும் இளஞ்சிவப்பு நீரைச் சாப்பாடு என்பார்கள். இரண்டு நாளாக அது சீக்கிரமே வற்றியது. முறை மாற்றிவிட்டுப் போன சக ஊழியர் நேற்று அதையும் கேலியாக்கினார்: "உன் மருமகப்பிள்ளைக்கு விருந்துல குறை வெச்சிடாதே. கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாரு."

தட்டை நுண்ணோக்கியில் வைத்து, காலிக் குழியைக் கூர்ந்து பார்த்தாள். செத்த செல் சும்மா மறையாது. நொறுங்கும், கருக்கும், சக்கையாக மிதக்கும். இங்கே சக்கை இல்லை. கூழின் நடுவில் ஒரு பள்ளம், நாக்கால் வழித்ததுபோல வழவழப்பாக. அதிலிருந்து குழியின் சுவரில் ஏறிய ஒரு கோடு. நத்தை போன தடம்போல, காய்ந்து மினுங்கியது.

அது சாகவில்லை. வெளியே போயிருக்கிறது.

இன்குபேட்டருக்குத் திரும்பி உள்ளே குனிந்தாள். எச்சிலை விழுங்கினாள், அதிலும் அந்த வாடை. தடம் தட்டின் விளிம்பைத் தாண்டி, இன்குபேட்டரின் அடுக்குகள் வழியே கீழே இறங்கியது. அடியில், காற்று உலராமலிருக்க வைத்த எஃகுப் பாத்திரம். அதில் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தது. மேலே ஆடை படர்ந்திருந்தது.

ஆடைக்கடியில் ஏதோ அசைந்தது.

கையுறை விரலால் விலக்கினாள். இழை இழையாக ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே கைமுட்டியளவு சதை. அவரைவிதைபோல வளைந்தது. வெளிறிய தோல். சுற்றிலும் கொழுப்பு.

இடது கையுறையைக் கழற்றிவிட்டு அண்ணியின் எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டு, போனை இன்குபேட்டரின் வாசலிலேயே வைத்தாள்.

"அண்ணி, மருந்த நிறுத்தச் சொல்லுங்க."

"என்னம்மா சொல்ற? பாதிக்கு மேல ஏறியாச்சு."

"அது கேக்காது. நான் தப்பாப் பாத்துட்டேன்."

அண்ணி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நீ சொன்னேன்னுதானே கையெழுத்துப் போட்டோம்." அதற்குள் பையன் விழித்துக்கொண்டான் போலிருக்கிறது. போனை விட்டு விலகி அவனிடம் பேசினாள். "ஒண்ணுமில்லடா கண்ணு. அம்மா இங்கதான் இருக்கேன்."

பாத்திரத்தில் தண்ணீர் தளும்பியது.

அது புரண்டது. குரல் வந்த பக்கம்.

விளிம்பில் ஏறியது. வழுக்கியது. மறுபடி ஏறியது.

"அம்மா இருக்கேன்டா," என்றாள் அண்ணி.

வளைவின் உட்புறத்தில் ஒரு கீறல் பிளந்தது. பல் இல்லை. உதடு இருந்தது. அது போனின்மேல் கவிழ்ந்து, அண்ணியின் குரல் வரும் துளையைக் கவ்வி, சப்பத் தொடங்கியது.