ஒரு சாவி, இரண்டு சபை, ஓர் ஆர்கன்

கோயில்பிள்ளை மாடிப்படி ஏறி வந்தபோது செருப்பு கையில் இருந்தது. "கீழ ஒரே சேறு. நீங்க இப்பதான் துடைச்சிருக்கீங்க போல" என்று சொல்லி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். கிறிஸ்தவ ஆலயத்தைப் பெருக்குவது, திறப்பது, பூட்டுவது, மணியடிப்பது அவர் வேலை. அடுத்தவர் தரையைக்கூட அழுக்காக்க மனம் வராத அந்த மனிதரைத்தான் இரண்டு நாட்களாக எல்லோரும் திருடன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தையற்கடைக்கு மேலே இருந்த அந்த அறையின் பலகை 'தனியார் துப்பறியும் நிலையம்' என்றது. அதை நடத்திய பெண்மணியை எல்லோரும் 'அண்ணி' என்றே அழைத்தார்கள். காரணம் அவருடைய கொழுந்தன். முப்பது தாண்டியும் எந்த வேலையிலும் தரிக்காமல் கடைசியில் இங்கே உதவியாளனாக ஒதுங்கியவன். அவன் நாளெல்லாம் "அண்ணி, அண்ணி" என்று கத்தியதில் போலீஸ்காரர்களுக்குக்கூட அந்தப் பெயரே பழகிவிட்டது.

"ஆர்கனைக் காணோம்மா" என்றார் கோயில்பிள்ளை. "காலால மிதிச்சு வாசிக்கிறது. பீடத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில திறந்தா இல்ல. பூட்டு பூட்டினபடி இருக்கு. சாவி ஒண்ணே ஒண்ணுதான். அது என் இடுப்புல."

"அப்ப நீங்கதான் எடுத்திருக்கணும்" என்றான் கொழுந்தன்.

"நீ கொஞ்சம் டீ வாங்கிட்டு வா" என்றார் அண்ணி. அவன் நகரவில்லை.

கதை பழையது. அண்ணன் தம்பி இருவர் ஒரே சபையில் மூப்பர்களாக இருந்தார்கள். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து மேசை சுவரோரம் இருக்க வேண்டும் என்றார் அண்ணன். மக்களுக்கு நடுவில் இருக்க வேண்டும் என்றார் தம்பி. சபை பிரிந்தது. கட்டடம் எங்களுக்கே என்று இரு தரப்பும் வழக்குப் போட்டன. தீர்ப்பு வரும்வரை காலையில் பழைய சபை, மாலையில் புதிய சபை என்று நீதிமன்றம் பிரித்துக் கொடுத்தது. எந்தப் பொருளும் வெளியே போகக்கூடாது. சண்டைக்கு மூலமான மேசையை யாரும் தொடவே கூடாது. சாவி கோயில்பிள்ளையிடம்.

"நாளைக்குக் காலையில கோர்ட் ஆணையர் வர்றாரு. எந்தப் பொருள் எங்க இருக்குன்னு எழுதிட்டுப் போவாரு. ஆர்கன் இல்லன்னா என் மேல கேஸ். ஆலயத்துக்குப் பின்னாடி இருக்கிற வீடும் போயிடும். பொண்ணு படிச்சிட்டிருக்கா..."

"சனிக்கிழமை யாராவது உள்ள வந்தாங்களா?" என்றார் அண்ணி.

"மதியம் சின்னவர் வந்தாரு. கூரை ஒழுகுது, பாக்கணும்னாரு. திறந்துவிட்டேன். தம்பி வந்தா அண்ணனுக்குப் பொறுக்குமா? பின்னாடியே பெரியவரும் வந்துட்டாரு. என்னை ஏணி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. நான் ஏணியோட வந்தா, ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிறாங்க. பீடத்துக் கம்பளத்தைச் சுருட்டி ஆளுக்கொரு முனை தோள்ல வெச்சிருக்காங்க. 'அழுக்கா இருக்கு, வெளுக்கப் போடறோம். ஏணி வேண்டாம், பூட்டிக்கோ'ன்னாங்க. ரெண்டு தரப்பும் சேந்து சொன்னதால நான் உள்ளகூடப் போகாம பூட்டினேன்."

கொழுந்தன் துள்ளி எழுந்தான். "அண்ணி! கம்பளத்துக்குள்ள ஆர்கன்!"

"ஆர்கன் பீரோ மாதிரி கனமா இருக்கும் தம்பி" என்றார் கோயில்பிள்ளை வருத்தத்தோடு. "அடியில சக்கரம் இருக்கிறதால உருட்டலாம். தூக்கணும்னா நாலு பேர் வேணும்."

கொழுந்தன் உட்கார்ந்தான்.

ஆலயம் சிறியது, சுத்தமானது. கொழுந்தன் பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்தான். மணிக்கூண்டில் ஏறி ஒட்டடையோடு இறங்கினான். ஜன்னலைக் கையால் அளந்து, ஆர்கனைக் கழற்றித் துண்டு துண்டாக வெளியே கொடுத்திருக்கலாம் என்று ஒரு கொள்கையை நிறுவினான். கம்பிகளை அசைத்துப் பார்த்ததும் அந்தக் கொள்கையைக் கைவிட்டான்.

அண்ணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பீடத்தின் முன் நின்றார். சுவரோரம் மேசை, அதன் மேல் பெரிய வெள்ளைத் துணி. அதற்கு முன்னால் ஒரு மடக்கு மேசை. தொடக்கூடாத மேசைக்குப் பதிலாக இரு சபைகளும் அதில்தான் திருவிருந்து நடத்தி வந்தன.

"இந்தத் துணியை யாரு விரிச்சாங்க? முன்னாடி தரைக்கு மேல தூக்கிட்டு நிக்குது, பக்கத்துல குப்பையாட்டம் குவிஞ்சு கிடக்கு" என்றான் கொழுந்தன்.

"எப்ப கடைசியா துவைச்சீங்க?" என்று அண்ணி கோயில்பிள்ளையிடம் கேட்டார்.

"கேஸ் ஆரம்பிச்சதுல இருந்து கை வைக்கலம்மா. என் சம்சாரம் தினமும் பாத்துப் பாத்துப் பெருமூச்சு விடுவா."

"தெரியுது" என்றார் அண்ணி. பக்கவாட்டில் தொங்கிய துணியில் அகலமான பழுப்புப் பட்டை ஒன்று படிந்திருந்தது. அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வாங்க, அண்ணன் தம்பியைப் பாப்போம்" என்றார்.

பெரியவர் இரும்புக்கடை வைத்திருந்தார். ஒட்டினாற்போல் சின்னவரின் பெயிண்ட் கடை. நடுச்சுவர் யாருடையது என்று அதற்கும் தனியாக ஒரு வழக்கு இருந்தது.

"என் தம்பியா? அவன் தரப்பு ஆளுங்க ஆலயத்துச் சுவர்ல ஆணி அடிச்சாங்க. புறாவை உள்ள விட்டாங்க. மணிக்கயித்தை அறுத்ததும் அவனேதான்" என்றார் பெரியவர்.

"ஆர்கனை எடுத்தது?"

பெரியவர் ஆணிப் பெட்டியைப் பார்த்தார். "அது... சாவி வெச்சிருக்கிறவனைத்தான் கேக்கணும்."

சின்னவர் இன்னும் தாராளம். "எங்கண்ணன் பல்பைக் கழட்டிட்டுப் போயிடுவாருங்க. எங்க கூட்டம் நடக்கிறப்ப தண்ணிக் குழாயை அடைச்சவரு. மனுஷனா அவரு?" ஆர்கன் பற்றிக் கேட்டதும் குரல் இறங்கியது. "கோயில்பிள்ளைக்குத்தான் தெரியும்."

தெருவுக்கு வந்ததும் கொழுந்தன் பெருமூச்சு விட்டான். "ரெண்டு பேருமே ஒரே ஆளைச் சொல்றாங்க அண்ணி. பாவம், அந்த மனுஷன்தான் போல."

"அதுதான் எனக்கு இடிக்குது" என்றார் அண்ணி. "சாயங்காலம் எல்லாரையும் ஆலயத்துக்கு வரச் சொல்லு."

வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். வலப்பக்கப் பெஞ்சில் அண்ணன், இடப்பக்கப் பெஞ்சில் தம்பி. கோயில்பிள்ளை தூணோரம் நின்றார்.

"எதுக்கெடுத்தாலும் ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போடறீங்க" என்று அண்ணி ஆரம்பித்தார். "புறா உள்ள வந்தாலும் தம்பி, பல்பு போனாலும் அண்ணன். ஆனா ஆர்கன் விஷயத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் திடீர்னு நல்ல மனசு. ஏன்? ஒருத்தர் மாட்டினா இன்னொருத்தரும் மாட்டுவீங்க. அதனால ஏமாந்த ஆளா பாத்து விரலை நீட்டிட்டீங்க."

"நாங்க எதுக்கும்மா ஆர்கனை எடுக்கணும்?" என்றார் பெரியவர்.

"நீங்க எடுக்கலயே. ஆர்கன் இங்கதான் இருக்கு. காணாமப் போனது மேசை."

எல்லோரும் பீடத்தைப் பார்த்தார்கள்.

"அந்தத் துணியை வருஷக்கணக்கா யாரும் தொடல. தூசி மேல்பக்கம்தான் படியும், தொங்குற பக்கத்துல இவ்வளவு படியாது. இப்ப அந்தத் தூசி பக்கவாட்டுல தொங்குது. அப்படின்னா மேல இருந்த துணி கீழ இறங்கியிருக்கு. அடியில இருக்கிறது மேசையைவிடக் குறுகலானது. முன்னாடி துணி தரைக்கு எட்டல. அதனால மேசையைவிட உயரமானது. இந்த ஆலயத்துல அந்த அளவுக்கு இருக்கிற சாமான் வேற எது?"

கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். "நான் எல்லா இடத்துலயும் தேடினேனே அண்ணி!"

"எல்லாரும் தேடினாங்க, இதைத் தவிர. துணியைத் தூக்கினா அடுத்த தரப்பு கோர்ட்டுக்கு ஓடும்னு ரெண்டு சபைக்கும் பயம். கோர்ட் உத்தரவே காவல் காத்துச்சு." அண்ணி சகோதரர்கள் பக்கம் திரும்பினார். "துடைப்பம் யார் வாங்கறதுன்னு வக்கீல் வைக்கிற நீங்க, ஒரு கம்பளத்தை ஆளுக்கொரு முனை சுமந்துட்டுப் போனீங்களாம். அதுக்குள்ள மேசைதானே? பலகை பலகையா?"

இருவருமே தரையைப் பார்த்தார்கள்.

"நானும் துணியைத் தொடப் போறதில்ல. நாளைக்கு ஆணையர் தொடுவாரு. அவருக்கு அதிகாரம் இருக்கு" என்றார் அண்ணி.

"இவன்தான்!" என்று பெரியவர் வெடித்தார். "ஆணையர் வந்து எழுதறதுக்குள்ள மேசையை நடுவுல தள்ளிடலாம்னு வந்தான்!"

"நான் மெதுவாத்தான் தள்ளினேன். நீங்க எதுக்கு அந்தப் பக்கம் பிடிச்சு இழுத்தீங்க?"

"இழுக்காம? வேடிக்கை பாக்கச் சொல்றியா?"

"ஆணி இல்லாம மர முளை அடிச்ச மேசைங்க. படக்குனு அப்பளமா நொறுங்கிடுச்சு" என்றார் சின்னவர் அண்ணியிடம், அழாத குறையாக. "இவரு ஏணியோட வர்ற சத்தம் கேட்டுச்சு. கையில கிடைச்சது ஆர்கன். உருட்டி வெச்சு மூடிட்டோம். தச்சர் ஞாயித்துக்கிழமைக்குள்ள தர்றேன்னாரு. இப்ப பசை காயலைங்கறாரு."

"பசை காயுற வரைக்கும் இவர் திருடனா இருக்கட்டும்னு விட்டுட்டீங்க."

இருவரும் முதல்முறையாகக் கோயில்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள். அவருடைய கண் கலங்கியிருந்தது. கோபத்தால்.

"ஞாயித்துக்கிழமை ஆராதனையில எல்லார் முன்னாடியும் என் பையைத் திறந்து காட்டச் சொன்னீங்க" என்றார் பெரியவரிடம். "சாயங்காலம் நீங்களும்" என்றார் சின்னவரிடம். "பைக்குள்ள ஆர்கனா இருக்கும்?"

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான்.

மறுநாள் காலை ஆணையர் வந்தபோது தச்சரும் மேசைப் பலகைகளோடு வந்திருந்தார். சகோதரர்கள் நடந்ததைச் சொன்னார்கள். ஒருவர் வாக்கியத்தை மற்றவர் திருத்தியதால் நேரம் பிடித்தது. ஆணையர் துணியைத் தானே தூக்கி ஆர்கனைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். உத்தரவை மீறியது பற்றி நீதிபதியிடம் இருவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். மேசையை ஒட்டி முடித்ததும் சுவரோரம், பழைய இடத்திலேயே வைக்கப்பட வேண்டும் என்று எழுதிக்கொண்டார்.

"சாவியை இனி யார்கிட்ட கொடுக்கறது? ரெண்டு தரப்பும் சொல்லலாம்" என்றார், கோயில்பிள்ளையிடமிருந்து வாங்கிய சாவியைக் கையில் வைத்துக்கொண்டு.

"இவர்கிட்டயே" என்றார்கள் அண்ணனும் தம்பியும் ஒரே குரலில். வழக்கு தொடங்கிய நாளிலிருந்து இரு தரப்பும் வெளிப்படையாக ஒத்துப்போன முதல் விஷயம் அது. ஆணையரின் பேனாகூட ஒரு கணம் நின்றது.

கோயில்பிள்ளை சாவியை வாங்கி இடுப்பில் செருகினார்.

"வெச்சிக்கிறேன் ஐயா. ஆனா ஒரு நிபந்தனை, அதையும் எழுதிக்கோங்க. பெரியவர் தனியா வந்தா திறப்பேன். சின்னவர் தனியா வந்தாலும் திறப்பேன். ரெண்டு பேரும் ஒத்துமையா வந்தாங்கன்னா, செத்தாலும் திறக்க மாட்டேன்."