திரையின் அடியில் வந்த பெயர்

அன்று பின்னேரம் கொழும்பு கொட்டாஞ்சேனை வாடகை அறையில் மூன்று பேர். கட்டில் நுனியில் சரோஜினிதேவி. வாசலோரப் பிளாஸ்டிக் கதிரையில் வீட்டுக்காரி மாக்ரெட். கனடாவிலிருந்து சரோஜினியின் தமையன் அனுப்பிய டிவிக்கு வயர் பூட்டியபடி தரையில், அதற்கென்று வந்த தில்லைநாதன். மூலையில் கிடந்த பிரம்புக் கதிரையில் ஒருவருமில்லை.

கிளிநொச்சியில் விழுந்த ஷெல் சரோஜினியின் காதுகளை எடுத்துவிட்டிருந்தது. அவள் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ளத் தில்லைநாதன் வாயைப் பெரிதாக அசைத்தான்.

"இந்தப் பட்டனை அமத்தினா, படத்தில கதைக்கிறது கீழ எழுத்தா வரும் அக்கா. கதவு தட்டுற சத்தத்தைக்கூட எழுதும்."

மறுநாள் வெளியே மழை. ஆங்கிலப் படமொன்றில் கடற்கரையில் இருவர் நடந்தார்கள். அடியில் எழுத்து வந்தது: கதிரை கிரீச்சிடும் சத்தம்.

கடற்கரையில் கதிரை இல்லை.

ஒருவர் இருமுகிறார்.

அறையில் ஈரச்சாக்கு மணத்தது. படத்தை நிறுத்தினாள். எழுத்து நிற்கவில்லை, ஆங்கில எழுத்தில் தமிழ் ஊர்ந்தது.

என் பேரு இராமர். இங்கதான் இருந்தேன்.

பிளக்கைப் பிடுங்கினாள்.

இங்கதான் இருந்தேன்.

மூலைப் பிரம்புக் கதிரைக்கு நேரே திரும்பி இருந்தாள்.

"சத்தம் போட்டு வெருட்ட நினைச்சா ஆள் மாறி வந்திட்டீர். எனக்குக் காது கேளாது. சொல்ல வேண்டியதை எழுதும்."

அவர் எழுதினார். மனைவி பழனியம்மா. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் விலாசம்.

சரோஜினி அறைக்குக் கூப்பிட்டு அந்தப் பெயரைச் சொன்னதும் மாக்ரெட்டின் முகம் வெளுத்தது.

"ஒருகொடவத்தை ஸ்டோர்ஸில மூட்டை தூக்கினவன். பொலிஸில பதியாமல் வைச்சிருந்தனான். தமிழ்ச் சனத்தைச் சுத்தி வளைச்ச ரவுண்ட்-அப்பில கொண்டு போனாங்கள். பெண்சாதி தேடி வந்தா. பதியாததுக்கு என்னையும் பிடிப்பாங்கள் எண்டு பயந்து, அப்பிடி ஒருத்தர் இங்க இருக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"இருந்தவர் எண்டு நான் எழுதப் போறன்."

"எழுதினா நாளைக்கே அறையை விடோணும்!"

காது கேளாத தனித் தமிழ்ப் பெண்ணுக்கு வேறு அறை கொழும்பில் கிடைக்காது. இருவருக்கும் தெரியும். சரோஜினி சிரித்தாள்.

"விடமாட்டன். இந்தக் கதிரைச் சத்தத்துக்கும் இருமலுக்கும் காது கேக்கிற ஒருத்தரும் ரெண்டு கிழமை தாங்காத அறை இது. என்னை விட்டா உமக்கு வாடகைக்கு ஆர் வருவினம், மாக்ரெட்?"

மாக்ரெட் மூலைக் கதிரையைப் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

பழனியம்மாவுக்குச் சரோஜினி எழுதினாள்: 'உங்கள் கணவர் இராமர் இந்த வீட்டில் வாழ்ந்தவர். இங்கிருந்துதான் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இல்லையென்று சொன்னது பொய். எந்த இடத்திலும் வந்து சாட்சி சொல்லுவேன்.' கீழே முழுப்பெயர், விலாசம், கையொப்பம். உறையை நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

வாசலில் திரும்பிப் பார்த்தாள். பிளக் தரையில் கிடந்தது. திரையில் எழுத்து.

கதிரையை விட்டு எழும்பும் சத்தம்.

காலடிச் சத்தம்.

அருகில்.

"சரி, வாரும்," என்றாள். "தபால்பெட்டி சந்தியிலதான்."

மழை விட்டிருந்தது. கடிதத்தை நீட்டினாள். அவள் விரல் படுமுன்னரே, பெட்டி வாயின் தகடு அவளுக்காக உயர்ந்து நின்றது.