நான்காவது திருகல்

ஐந்து வயதில் பனிச்சறுக்கில் விழுந்து சிக்னேவின் வலது கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் வளர்ச்சி பாழாய்ப்போனது. பதினொரு வயதில் அந்தக் கால் நான்கு சென்டிமீட்டர் குட்டை.

டாக்டர் ஊன்னி அந்த எலும்பை அறுத்து, காலைச் சுற்றி இரும்பு வளையங்களை மாட்டினார். வளையங்களின் நட்டுகளைத் தினமும் நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். எலும்பு விலக விலக, இடைவெளியில் புது எலும்பு முளைக்கும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்.

துறைமுகத்தில் கப்பல் எஞ்சினையே கழற்றி மாட்டுகிறவர் அப்பா. இது அவருக்குச் சுண்டைக்காய் வேலை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

திருக ஆரம்பித்த இருபத்தெட்டாம் நாள் எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் முகம் சுளித்தார்.

"இருபத்தெட்டு மில்லிமீட்டர் இருக்கணும். இருபத்தொண்ணுதான் இருக்கு. நாலு வேளையும் திருகுறீங்கல்ல?"

"அட்டையில டிக் போட்டிருக்கேனே," என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்தபடி.

"இப்படியே போனா கால் முழுசா நீளுறதுக்கு முன்னாடியே எலும்பு ஒட்டிக்கும், சிக்னே. அப்புறம் மறுபடியும் அறுக்கணும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிக்னே கணக்குப் போட்டாள். சரியாக நான்கில் ஒன்று குறைகிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு திருகுவது மட்டும் வலிப்பதே இல்லை. பழகிவிட்டது என்று பெருமைப்பட்டாளே, மக்கு!

மாலைத் திருகல் முடிந்ததும், ஒவ்வொரு நட்டிலும் அதை ஒட்டிய கம்பியிலும் நேருக்கு நேராக நகப்பூச்சால் பொட்டு வைத்தாள்.

மீன் சூப் குடித்து முடித்ததும் அப்பா ஸ்பேனரோடு குனிந்தார்.

"ஆச்சு, கண்ணு."

ஒரு பொட்டுகூட நகரவில்லை.

"பொய்! நீ திருகவே இல்லப்பா!"

அப்பாவின் முகம் வெளுத்தது. "நீ கத்துறதை என்னால கேக்க முடியல. ஒரு வேளையாவது நிம்மதியா இருக்கட்டும்னு..."

"மறுபடி அறுத்தா நிம்மதியா இருக்குமா? எனக்கா, உனக்கா? சரியான பயந்தாங்கொள்ளி நீ!"

அப்பா அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் அழுவதைப் பார்க்கச் சிக்னேவுக்கு ஆத்திரம்தான் வந்தது. பாவமாகவும் இருந்தது, அது இன்னும் ஆத்திரமூட்டியது. அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கினாள்.

"இனிமே நானே திருகிக்கிறேன்."

அப்பா மெல்ல எழுந்தார்.

"எங்க ஓடுற? உக்காரு. நான் கத்துவேன். நீ கேட்டுத்தான் ஆகணும்."

அவர் உட்கார்ந்தார். சிக்னே முதல் நட்டைத் திருகினாள். அவள் கத்திய கத்தலில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. அப்பா காதைப் பொத்தவில்லை.

"அழுகையெல்லாம் அப்புறம்," என்றாள் மூச்சு வாங்கியபடி. "அந்த மேசை விளக்கை எடுத்துச் சரியாப் பிடி. இன்னும் மூணு நட்டு இருக்கு."