செப்புக் கழுத்தில் ஒரு பெயர்!

'மனித நாகரிகம் சக்கரத்தில் பிறக்கவில்லை. செப்புப் பாத்திரத்தில் பிறந்தது!'

ஜொகூர் மாநிலம், உலு திராம் ஊர் ஹேமநாதன் தாமே எழுதிய இந்த வாசகத்துக்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார். அதற்குக் கீழே இருநூற்றுப் பதினான்கு பழைய செப்புப் பாத்திரங்கள். தவலை, அண்டா, கூஜா... எல்லாம் கையால் அடித்தவை.

சமையலறையில் அவர் மனைவி பிரேமலா நான்ஸ்டிக் சட்டியில் மீ கோரிங் நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள். செம்பைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை.

ட்ரிங்... ட்ரிங்...!

"ஹலோ... செப்புச் செம்மல் ஹேமநாதன் பேசுறேன்."

பட்டம் பெற்றவர் அவர். கொடுத்தவரும் அவரே.

"இன்ஸ்பெக்டர் நிர்மலாதேவி, கோத்தா திங்கி போலீஸ் பலாய்லேர்ந்து. பழைய சாமான் கடை மூர்த்தி தெரியுமா சார்?"

"தெ... தெரியும். ஏன்?"

"நேத்து சாயங்காலம் கடையில செத்துக் கெடந்தாரு."



"அலமாக்! ஐயையோ!" என்றார் ஹேமநாதன். கொஞ்சம் தாமதம்தான்.

"அங்க ஒரு பாத்திரம் கெடைச்சிது. உங்கள விட்டா ஜொகூர்ல யாரு இருக்கா? கொண்டு வரேன் சார். அரை மணி நேரம்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால், 'உங்கள விட்டா யாரு இருக்கா' என்று கேட்டபிறகு எப்படிச் சொல்வது?

"யாருங்க?" பிரேமலா எட்டிப் பார்த்தாள்.

"போலீஸ். என் கருத்து வேணுமாம்."

"உங்க கருத்தா? கேஸு அவ்ளோ மோசமா போச்சா?"

ஹேமநாதன் சிரிக்கவில்லை. வெளியே வானம் கறுத்தது. சுவரெங்கும் பளபளத்த செப்பு வயிறுகளில் இருநூற்றுப் பதினான்கு ஹேமநாதன்கள் தெரிந்தார்கள். எல்லா முகமும் கோணல்!

நேற்று மாலை நடந்ததை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மூர்த்தி. அவர் இனிப் பேசமாட்டார்.

கடைக்குப் புதிதாய் வந்த பெட்டியைத் திறந்து, வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு தவலையை எடுத்தார்கள். "இந்தத் தவலை லெட்சுமணனுக்கு லா. அவர் வந்து பாக்கறேன்னுட்டாரு" என்று மூர்த்தி சொன்னதுதான் தப்பு. சாஆ ஊர் லெட்சுமணன்! அவரும் செப்புச் சேகரிப்பாளர்! பரம எதிரி! வரும் ஞாயிறு ஹேமநாதனின் கண்காட்சி. திறந்து வைக்க டத்தோ பட்டம் பெற்ற பெரிய மனிதர் ஒருவர் வருகிறார். நடுமேடையில் இந்தத் தவலை இருந்தாக வேண்டும்.

பிடுங்கினார். மூர்த்தி விடவில்லை. தள்ளினார்.

பின்னால் இருந்த அண்டா விளிம்பில் தலை...

டங்ங்ங்!

அந்த நேரத்திலும் ஹேமநாதனின் மனம் குறித்துக்கொண்டது: நல்ல கெட்டிச் செம்பு.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். தவலையை அப்படியே போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓட்டம்!

இப்போது வாசலில் போலீஸ் கார்.

நிர்மலாதேவி உள்ளே வந்தார். கையில் பெரிய பொட்டலம். பழுப்புத் தாள் சுற்றி, கயிறு கட்டி, அரக்கு முத்திரை. மேஜைமேல் வைத்தார். பிரிக்கவில்லை.

"கடைசியா மூர்த்தி கடைக்கு எப்ப போனீங்க சார்?"

"ஒரு மாசம் இருக்கும் மேடம். கண்காட்சி வேலை... பிசி லா."

"நேத்து?"

"நேத்து வீட்டவிட்டு நகரல."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

"சரி சார். இந்தப் பாத்திரம் இருந்த பெட்டி நேத்து அஞ்சு மணிக்குத்தான் கடைக்கு வந்திருக்கு. ஆணி அடிச்சு, சீல் வச்சு. ஆறு மணிக்குப் பாடி கெடைச்சப்ப பெட்டி தெறந்து கெடந்துச்சு. நான் பாத்திரத்த உடனே கட்டி சீல் வச்சிட்டேன்."

ஹேமநாதன் நாற்காலியைச் சற்றுப் பின்னே தள்ளினார்.

"உங்களுக்கு வீண் சிரமம் குடுக்கறேனோன்னு இருக்கு சார். காலையில பிரிச்சு லெட்சுமணனுக்கு மட்டும் காட்டிட்டு மறுபடி சீல் வச்சேன். புதுசு, ஒண்ணுத்துக்கும் ஒதவாதுன்னுட்டாரு."

"யாரு? லெட்சுமணனா?"

"ஆமா. அவருதான் பெரிய நிபுணராமே..."

ஹேமநாதன் எழுந்தே விட்டார்!

"மேடம்! அவனுக்குத் தவலைக்கும் தண்ணி வாளிக்கும் வித்தியாசம் தெரியாது! புதுசாம்ல புதுசு! அடியில பாத்தானா? பல்லுப் பல்லா கடிச்சு ஒட்டின இணைப்பு! எந்த மெஷின் அப்படிச் செய்யும்? கழுத்துல பாத்தானா? புள்ளி புள்ளியா பேரு வெட்டியிருக்கு. அஞ்சலை! பக்கத்துலயே வருஷம். ஆயிரத்தி எண்ணூத்தி எண்பத்தேழு! கண்ணு இருந்தா படிக்க வேண்டியதுதானே!"

மழை பிடித்துக்கொண்டது.

நிர்மலாதேவி பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"உங்களுக்கு நல்லா படிக்க வருது சார்... தாளுக்கு மேலயே."

ஹேமநாதன் அப்போதுதான் பிரிக்காத முத்திரையைப் பார்த்தார். 

"நா... நான் சும்மா யூகிச்சேன்..."

"அஞ்சலைன்னா? எண்பத்தேழுன்னா?"

பிரேமலா கதவோரம் வந்து நின்றாள். கையில் கரண்டி.

"நேத்து நாலு மணிக்குப் போனவரு ஏழு மணிக்குத்தான் மேடம் வந்தாரு. சட்டையில வைக்கோலு. கேட்டதுக்கு, ஆட்டுப் பண்ணைக்குப் போனேன்னாரு."

"பிரேமலா!"

"கத்தாதீங்க. மீ ஆறுது."

விலங்கு 'க்ளிக்' என்றது. குற்றவாளிக் கூண்டைவிட அவர் மனதில் நின்றது கண்காட்சி நடுமேடைதான்.

"மேடம்... லெட்சுமணன் புதுசுன்னு சொன்னதா சொன்னீங்களே... என்னைப் பேச வைக்கப் போட்ட தூண்டில்தானே அது? தவலை... அசல்தானே?"

நிர்மலாதேவி முத்திரையை உடைத்துத் தாளை விலக்கினார். செம்பு மினுங்கியது. கழுத்தில் விரலை வைத்தார்.

"இந்த ‘லை’ய பாருங்க சார். அந்தக் காலத்து ‘லை’ எப்படி இருக்கும்? மேல தும்பிக்கை மாதிரி வளைஞ்சு இருக்குமா இல்லையா? இதுல கொம்பு முன்னால நிக்குது. தமிழ் எழுத்த மாத்தினப்புறம், தொண்ணூறு வருஷம் கழிச்சு வந்த ‘லை’. ஆயிரத்தி எண்ணூத்தி எண்பத்தேழுல இத எவன் வெட்டினான்?"

ஹேமநாதன் குனிந்து பார்த்தார். தவலை வயிற்றில் அவர் முகம். கோணல்.

"தூண்டிலெல்லாம் இல்ல சார். லெட்சுமணன் நெசமாவே புதுசுன்னுதான் சொன்னாரு."

லெட்சுமணனுக்கு இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம்தான் ஆயிற்று. கண்ணாடிகூடப் போடவில்லை.