நான்காவது நிமிடத்தில் நொண்டிய எஸ்.எஸ்.டி.

தைபேயில் கணினிக்கு எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பு வட்டு வாங்க நினைப்பவர்கள் தெங் யா-வென் எழுதும் மதிப்புரையைப் படித்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவார்கள். பதினோரு வருடமாக அதுதான் அவள் பிழைப்பு. அவளுக்காகப் படம் எடுப்பதும், அவளை முந்திக்கொண்டு முடிவுக்கு வருவதும் அவள் கணவன் பா-லுன்னின் பிழைப்பு.

புதன்கிழமை காலை அவன் பொரித்த மாவுக்குச்சியைச் சோயாப்பாலில் தோய்த்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. நகரின் நெய்ஹு பகுதியில், எஸ்.எஸ்.டி. தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் பொறியாளராக இருக்கும் கோ சிங்-யீ நின்றிருந்தாள். அழுதிருந்தது தெரிந்தது.

"அக்கா, என் எஸ்.எஸ்.டி.யை ஒருத்தன் வேணும்னே கெடுக்குறான்."

"உக்காரு. முதல்ல குடி," என்று யா-வென் தன் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள். "எப்படிக் கெடுக்குறான்?"

"என் மேசையில சூப்பரா ஓடுது. அதையே கழட்டிச் சோதனை அறை மெஷின்ல மாட்டினா நாலாவது நிமிஷம் எண்பத்தி நாலு டிகிரி சூடு ஏறி, வேகம் குறைஞ்சு நொண்டுது. வெள்ளிக்கிழமை அங்கயும் நல்லாத்தான் ஓடுச்சு. திங்கக்கிழமையிலேர்ந்துதான் இப்படி. அதை உள்ளேயிருந்து ஓட்டுற புரோகிராம், நான் எழுதின ஃபர்ம்வேர்தான் சூடேத்துதுன்னு மேனேஜர் சொல்றார். மூணு மணிக்குக் கூட்டம். என் ரெண்டு வருஷ வேலையைத் தூக்கிப் போட்டுட்டுப் பழைய மாடலையே சந்தைக்கு விடப்போறாங்க."

"யார் மேல சந்தேகம்?" பா-லுன் ஆவலாகக் குனிந்தான்.

அவள் குரல் தாழ்ந்தது. "பான் ஷி-கை. சூட்டை இழுத்து வெளியேத்துற வெப்பத் தகடு செஞ்சவன். மூணு வாரம் முன்னாடி எல்லார் எதிர்லயும் என் ஃபர்ம்வேரைக் குறை சொன்னான். அதுலேர்ந்து பேசுறதில்ல. அதுக்கு முன்னாடி... சனிக்கிழமைன்னா சேர்ந்துதான் சினிமாவுக்குப் போவோம். திங்கக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு பையோட தனியா அந்த அறைக்குள்ள போயிருக்கான். கேமராவுல இருக்கு. ஏன்னு கேட்டா மூஞ்சி சிவந்து, 'சும்மா'ங்கறான். புகார் எழுதி வச்சுட்டேன். அனுப்புறதுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்தேன்."

"தகட்டை மாத்திட்டான்! முடிஞ்சது கேஸ்," என்றான் பா-லுன்.

"தகடு எஸ்.எஸ்.டி.யோட ஒட்டியிருக்கு, சாமர்த்தியசாலி," என்றாள் யா-வென். "அது மேசைக்கும் கூடவேதான் போகுது. அங்க ஏன் சூடாகல?"

பா-லுன் மீதிக் குச்சியை வாயில் போட்டுக்கொண்டான்.

மூவரும் போய்ச் சேர்ந்த சோதனை அறையில் எட்டு சின்னக் கணினிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. மேலே பச்சைப் பாக்கெட் சோளத் தின்பண்டம் வைத்தால் எந்திரம் அடம்பிடிக்காமல் ஓடும் என்பது தைவான்காரர்களின் நம்பிக்கை; ஒவ்வொன்றின் தலையிலும் ஒன்று இருந்தது. பா-லுன் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தான்.

"மத்ததெல்லாம் கைக்குட்டை மாதிரி கிடக்கு. இதுக்கு மட்டும் என்னைப் போலத் தொப்பை," என்று சிங்-யீயின் பெட்டியைக் காட்டினான்.

யா-வென் விரல் நுனியால் அந்தப் பாக்கெட்டைத் தொட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பெட்டியைத் திறந்து வச்சு ஓட்டிப் பார்த்தீங்களா?"

"பார்த்தோம். ஒழுங்கா ஓடுச்சு. மூடினா மறுபடி நொண்டல். ஃபேன், கேபிள், போர்டு எல்லாம் மாத்தியாச்சு."

"திறக்கும்போது இந்தப் பாக்கெட்டை என்ன பண்ணீங்க?"

"மேசையில பத்திரமா எடுத்து வச்சோம். மூடினதும் திரும்ப வச்சோம். அதை வைக்காம யாராவது மெஷினை ஓட்டுவாங்களா அக்கா?"

"ஷி-கையைக் கூப்பிடு."

நெட்டையாக, சட்டைப் பையில் நான்கு பேனாக்களோடு வந்து நின்றான் ஷி-கை. சிங்-யீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஒரே எஸ்.எஸ்.டி., ஒரே தகடு, மேசையில சூடாகல," என்றாள் யா-வென். "அதனால ஃபர்ம்வேரும் குத்தவாளி இல்ல, தகடும் இல்ல. பக்கத்துப் பெட்டியெல்லாம் நல்லா ஓடுது, அதனால அறையும் இல்ல. திறந்தா சரியாகுது. அப்போ உள்ள இருக்கற சூட்டுக் காத்து வெளியே போக வழியில்ல. இந்தப் பெட்டிக்கு வழி எங்க?"

"மேல்மூடியில," என்றாள் சிங்-யீ. சொன்னவள் சட்டென்று பாக்கெட்டைப் பார்த்தாள்.

"மத்த பாக்கெட்டெல்லாம் சின்னது, ஓரமா கிடக்கு. இது குடும்பப் பாக்கெட். மூடியில காத்து போற சல்லடையை முழுக்க மூடிக்கிட்டு, சூட்டுல பலூன் மாதிரி உப்பியிருக்கு. எல்லாத்தையும் மாத்தினீங்க, இதை மட்டும் யாரும் சந்தேகப்படல. இதோட தேதி மட்டும் புதுசு. பழசு ஞாயித்துக்கிழமை காலாவதி ஆகியிருக்கும். தேதி தாண்டினது மேல இருந்தா மெஷினுக்கு ஆகாதுன்னு ஒருத்தர் திங்கக்கிழமை காலையில மாத்தியிருக்கார். என்ன ஷி-கை?"

"கடையில பெருசுதான் இருந்துச்சு," என்றான் அவன் தரையைப் பார்த்தபடி.

யா-வென் பாக்கெட்டைத் திருப்பி நீட்டினாள். அடிப்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தது: 'ராத்திரி பகலா உழைச்சிருக்கா. சமத்தா ஓடு.'

சிங்-யீ இரண்டு முறை படித்தாள். "இதைச் சொல்றதுக்கென்ன?"

"நீதான் பேசவே மாட்டேங்கறியே! சொன்னாச் சிரிப்பே."

"அட முட்டாள். வெப்ப நிபுணன், காத்து வழியை அடைச்சு வச்சிருக்கான்!" அவள் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

பாக்கெட் இல்லாமல் அரை மணி நேரம் ஓட்டினார்கள். அறுபத்தாறு டிகிரிக்கு மேல் ஏறவில்லை. அதற்குள் யா-வென் மூன்று நாள் பதிவுகளையும் படித்து முடித்திருந்தாள்.

"எண்பத்தி நாலு தொட்ட ஒவ்வொரு முறையும் இது தானாவே வேகத்தைக் குறைச்சு, ஆறினதும் எழுந்து ஓடியிருக்கு. ஒரு பைட் தகவல்கூடத் தொலையல. வீடுகள்லயும் பெட்டி மேல பூனை படுக்கும், துணி கிடக்கும். மூணு நாள் மூச்சு முட்டியும் சாகாத எஸ்.எஸ்.டி.ன்னு மேனேஜர்கிட்டச் சொல்லு. என் மதிப்புரையில நான் அதைத்தான் எழுதப்போறேன்."

மணி மூன்றாக ஐந்து நிமிடம். சிங்-யீ கைப்பேசியில் புகாரைத் திறந்தாள், அழித்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து ஷி-கையின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"வா. தகட்டைப் பத்தி நீதான் பேசணும்."

"என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிடலையே."

"நான் கூப்பிடுறேன்ல!"

பா-லுன் ஆசையோடு கேமராவை உயர்த்தினான். யா-வென் தன் உள்ளங்கையால் லென்ஸை மூடினாள்.