பரஸ்தானப் பை

சனிக்கிழமை காலை, மணி ஐந்தே முக்கால். உத்திர வீதியை ஒட்டிய அந்தச் சந்தில் சித்ராதேவி ஆட்டோவை விட்டு இறங்கியபோது, பயணத்துக்கு வழியனுப்புகிற கூட்டம் அல்ல, வேடிக்கை பார்க்கிற கூட்டம் நின்றது.

நடுவில் காளியாயி. அவளுடைய ஒயர் கூடை கவிழ்ந்து கிடந்தது. வெற்றிலைப் பொட்டலம், சர்க்கரை மாத்திரை அட்டை, தூக்குவாளி, ஒரு பழைய ரவிக்கை எல்லாம் ராத்திரி மழையில் நனைந்த தரையில் சிதறியிருந்தன. தோழி பூரணி வீட்டிலும் பக்கத்து ஸ்ரீரங்கராஜன் வீட்டிலும் பதினோரு வருஷமாகப் பெருக்கித் துடைப்பவள், சொந்தச் சாமான்களைப் பார்க்கவே கூசி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கார் சாவியைக் காணோம்டி," என்றாள் பூரணி. குரல் உடைந்திருந்தது.

"இதைக் கொட்டினது யாரு?"

"நான்தான் ஆன்ட்டி," என்றான் பூரணியின் மகன் ஸ்ரீதர். தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்தவன். "காலைல அஞ்சு மணிக்குப் பக்கத்து வீட்டு மாமா ரேழியில இவ அம்மாவோட பையைக் கையில வெச்சுக்கிட்டு நின்னா. நானே பார்த்தேன். போலீசுக்குப் போன் பண்ணப் போறேன்."

"போன் அப்புறம் பண்ணலாம்," என்றாள் சித்ராதேவி. காக்கியைக் கழற்றி இரண்டு வருஷம் ஆகிறது. சப்-இன்ஸ்பெக்டராக இருந்த காலத்திலும் சரி, இப்போதும் சரி, அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். சந்தேகப்பட்டவர்களின் சாமானைத் தெருவில் கொட்டுகிற ஆட்களை அவளுக்கு உத்தியோக நாளிலேயே பிடிக்காது.

அவளுக்கும் இது சொந்த நஷ்டம்தான். பள்ளிக்கூடத்துத் தோழிகள் இருவரும் ஆறு மாதமாகப் போட்ட திட்டம். பூரணி பொன்மலைப் பணிமனை அலுவலகத்தில் ஓய்வு பெற்ற கையோடு, அறுபது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு பழைய காரும் வாங்கினாள். புருஷன் இருந்தவரை குலதெய்வம் கோயிலைத் தாண்டி எங்கும் போனதில்லை. இப்போது நாகப்பட்டினத்தில் தொடங்கி, கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே வேதாரண்யம், தொண்டி, ராமேஸ்வரம் வழியாகத் தூத்துக்குடி வரை பத்து நாள். ஐப்பசியில்தான் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கோடியக்கரைக்குப் பூநாரைகள் வரத் தொடங்கும் மாதம், மழை விட்ட இடைவெளியில் கடல் ஒரு நாளில் நாலு நிறம் காட்டும் மாதம். எந்த ஊரில் டீ, எந்த ஊரில் தூக்கம் என்பதுவரை இருவரும் போனில் சண்டை போட்டு முடிவு செய்திருந்தார்கள். நாகூர் அல்வாவுக்காக மட்டும் மூன்று நாள் பேசாமல் இருந்தார்கள்.

ஒரே இடைஞ்சல், நாகையில் அறை கிடைத்தது சனிக்கிழமைக்கு. சனிக்கிழமை கிழக்கே சூலம். அதனால் பூரணி வெள்ளிக்கிழமை சாயங்காலமே நல்ல நேரம் பார்த்துப் பரஸ்தானம் வைத்துவிட்டாள். ஒரு துணிப்பையில் மாற்றுச் சேலையும் கார் சாவியும் போட்டு, பக்கத்து வீட்டு ரேழியில், வாசற்கதவை ஒட்டிய நடையில், கொண்டுபோய் வைத்தாள். சாமான் நல்ல நேரத்தில் புறப்பட்டுவிட்டால் ஆள் புறப்பட்ட மாதிரிதான். அப்படிப் புறப்பட்டதைத் திரும்ப வீட்டு வாசற்படி ஏற்றக்கூடாது, போகிற வழியில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அன்றிரவு ஏழு மணிக்கு மேல் அவள் சித்ராதேவிக்குப் போன் செய்தாள்.

"அடியே, தூறல் போடுது. மத்தியானம் காரைக் கழுவினேன்ல, புதுச் சீட் கவர் காயட்டும்னு கண்ணாடி நாலையும் இறக்கி விட்டேன். ஏத்த மறந்துட்டேன். பட்டனைத் தட்டினா ஏறும், ஆனா சாவி போட்டாத்தானே?"

"போய் எடுத்துட்டு வா."

"புறப்பட்டதை எப்படிடி திரும்ப எடுக்கிறது? நனைஞ்சா நனையட்டும். துண்டு விரிச்சு உக்காந்துக்கலாம். பார்த்தா மனசு கேக்காதுன்னு வீட்டு ஜன்னலையும் சாத்திட்டேன்."

சித்ராதேவி திட்டிவிட்டுப் படுத்தாள். ராத்திரி மழை வெளுத்து வாங்கியது.

இப்போது பை ரேழியில் இருந்தது. சேலை இருந்தது. சாவி இல்லை. பழைய கார் ஒரே சாவியோடுதான் வந்திருந்தது.

"மாமா, நேத்து சாயங்காலத்திலேருந்து உங்க வீட்டுக்கு யார் யார் வந்தாங்க?" என்று கேட்டாள் சித்ராதேவி.

ஸ்ரீரங்கராஜன் ஓய்வுபெற்ற பேராசிரியர். நெற்றியில் திருமண் இன்னும் ஈரம் காயவில்லை. "ஸ்ரீதர் வந்தான், நான் உள்ளே போய் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துண்டு வரதுக்குள்ள என் மொபைலைச் சரி பண்ணிக் கொடுத்தான். பால்காரர் வந்தார். ஆறு மணிக்குப் பாராயண கோஷ்டி, பத்துப் பேர் இருப்பா. ஏழுக்குள்ள எல்லாரும் கிளம்பிட்டா. கதவைத் தாழ் போட்டுட்டு சயனிச்சுட்டேன். விடியக்காலம் காளியாயிக்குத்தான் திறந்தேன்."

"பையில சாவி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"அவா வீட்டுக்கு வெளியில பூரணி என்கிட்ட மட்டும்தான் சொன்னா. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. சத்தியமா சொல்றேன், எனக்கு இந்த யாத்திரையில அபிப்பிராய பேதம் உண்டு. மழைக்காலம், ஸ்திரீகள் தனியா... ஆனா அடுத்தவா சாவியைத் தொடற புத்தி பெருமாள் எனக்குக் கொடுக்கலை."

"காளியாயி, நீ பையைத் தொட்டியா?"

"தொட்டேங்க. பெருக்கணும்ல, நகத்தி வெச்சேன். உள்ள என்ன இருக்குன்னே தெரியாதுங்க."

"நேத்து எத்தனை மணிக்குப் போனே?"

"மத்தியானமே போயிட்டேங்க. மக வீடு, பொன்மலை. அங்கதான் படுத்திருந்தேன்."

"மத்தியானம் போனது வாஸ்தவம்," என்றார் ஸ்ரீரங்கராஜன்.

ஸ்ரீதர் தாயின் தோளில் கை வைத்தான். "விடும்மா. போனது போகட்டும். இந்த மழையில போய் எதாவது ஆயிருந்தா? நாளைக்கு என்கூட பெங்களூர் வந்துடு. ரயில்ல உனக்கும் பெர்த் இருக்கு. குழந்தையும் பாட்டி பாட்டின்னு ஏங்குறான்."

பூரணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். 

சித்ராதேவி காரைச் சுற்றி வந்தாள். கூரையில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. போன் டார்ச்சைப் போட்டுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். முன் சீட், பின் சீட், கீழே விரித்த மிதியடி. வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"ஸ்ரீதர், நேத்து ராத்திரி எங்க இருந்தே?"

"மாடியில. ஆபீஸ் கால். எட்டரைக்குத்தான் சாப்பிட இறங்கினேன்."

"வெளிய போகவே இல்ல?"

"இல்ல ஆன்ட்டி."

"பெங்களூர் ரயிலுக்கு உங்கம்மாவுக்கு டிக்கெட் எப்ப எடுத்தே?"

"அது... எடுத்தேன்."

"தீபாவளி முடிஞ்சு ஊரே திரும்புற ஞாயித்துக்கிழமை. ரெண்டு மாசம் முன்னாடி எடுத்தாத்தான் பெர்த். பயணம் போறேன்னு உங்கம்மா ஆறு மாசமா சொல்லிக்கிட்டிருக்கா. போக மாட்டான்னு உனக்கு ரெண்டு மாசம் முன்னாடியே எப்படித் தெரிஞ்சுது?"

"போனா போகட்டும்னு ஒரு டிக்கெட் எடுத்து வெச்சேன். அது குத்தமா?"

"அது குத்தமில்ல. இங்க வா. பூரணி, நீயும் வா. காரைப் பாரு."

பூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கை தானாக வாய்க்குப் போனது.

"கண்ணாடி ஏறியிருக்கு," என்றாள்.

"நாலும் ஏறியிருக்கு. சீட் காஞ்சு கிடக்கு. சாவி இல்லாம ஏறாது. நீ எனக்குப் போன் பண்ணினப்ப தூறல் ஆரம்பிச்சிருந்துது, கண்ணாடி இறங்கியிருந்துது. மழை வலுக்கிறதுக்குள்ள யாரோ சாவியோட வந்து ஏத்தியிருக்காங்க. அப்படின்னா சாவி நேத்து ராத்திரியே பையில இல்ல. காலைல அஞ்சு மணிக்கு உள்ள நுழைஞ்ச காளியாயி, இல்லாத சாவியை எப்படி எடுப்பா?"



"பால்காரரோ, கோஷ்டிக்கு வந்தவங்களோ சாவியைத் திருடினா காரை ஓட்டிட்டுப் போவாங்க, இல்ல சும்மா போவாங்க. சீட் நனையுதேன்னு எந்தத் திருடனாவது வயித்தெரிச்சல் படுவானா? அம்மா போகக் கூடாது, ஆனா அம்மா கார் கெட்டுப்போகக் கூடாது. இப்படிப் பதறுறவன் வெளியாளு இல்ல. மாமாவோட மொபைலைச் சரி பண்ணப் போனவன், அவர் மூக்குக்கண்ணாடி தேட உள்ள போன நேரத்துல பையில கை விட்டிருக்கான். இப்படித்தானே ஸ்ரீதர்?"

ஸ்ரீதர் தோளில் மாட்டியிருந்த லேப்டாப் பையின் ஓர அறையிலிருந்து சாவியை எடுத்துத் தாயிடம் நீட்டினான்.

"உன் நல்லதுக்குத்தாம்மா. குழந்தையைப் பார்த்துக்கிட்டிருந்த ஆயா வேலையை விட்டு நின்னுட்டா. உன் மருமக லீவு போட முடியாது. நீ ரிட்டயர் ஆகி சும்மாத்தானே இருக்கே. இந்த வயசுல கடலைப் பார்த்து என்ன ஆகப் போகுது?"

பூரணி அவனை அடித்திருந்தால்கூடத் தேவலை. அவள் சாவியை வாங்கிக்கொண்டு, காளியாயியின் பக்கம் விரலை நீட்டினாள். 

"முதல்ல அவகிட்ட பேசு."

"சாரி, காளியாயி. தெரியாம..."

"சாரி எல்லாம் வேணாம் தம்பி," என்றாள் காளியாயி. முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தாள். "நீங்க கொட்டினதைத் தெருவே பாத்துச்சு. இப்ப அள்ளிப் போடுங்க. அதையும் பாக்கட்டும்."

ஸ்ரீதர் சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் நகரவில்லை, ஸ்ரீரங்கராஜனும் நகரவில்லை. அவன் குந்தி உட்கார்ந்து, சேறு ஒட்டிய மாத்திரை அட்டையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் வைத்தான். காளியாயி வெற்றிலைகளைத் துடைக்கச் சொன்னாள். துடைத்தான்.

அது முடிகிறவரை பூரணி காத்திருந்தாள். பிறகு கார் சாவியைச் சித்ராதேவியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் அவளுடைய பயணப் பெட்டியும் மறுகையில் அவனுடைய பெட்டியும் இருந்தன. வாசல் கதவை இழுத்துப் பூட்டினாள். வீட்டுச் சாவியைக் காளியாயியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"பத்து நாளைக்கு வீடு உன் பொறுப்பு. செடிக்குத் தண்ணி ஊத்து. வேற யார் கேட்டாலும் திறக்காதே."

"அம்மா, எனக்கு நாளைக்கு ராத்திரிதான் ரயில்," என்றான் ஸ்ரீதர். "அதுவரைக்கும் நான் எங்க இருக்கிறது?"

பூரணி டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். ரேழியிலிருந்து எடுத்துவந்த துணிப்பையோடும் கார் சாவியோடும் சித்ராதேவி மறுபக்கம் ஏறினாள். கார் ஒரே திருப்பில் உறுமிக் கிளம்பத் தயாரானது.

"ஜங்ஷன்ல வெயிட்டிங் ரூம் இருக்கு," என்றாள் பூரணி. "உனக்கு ரெண்டு டிக்கெட் இருக்கே, உள்ள விடுவாங்க."