கதவுக்குத் தெரியாத அப்பா

எங்கள் தெருவில் எல்லாரும் கதவை ஊதித்தான் திறப்போம். மூச்சுப்பூட்டில் மூன்று விநாடி ஊதினால் போதும், மூச்சை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துத் திறக்கும். புகைக்கிறவர்களுக்கும் வீட்டுக் கதவு திறக்கும். அவர்களுடைய புகைமூச்சைத்தான் பூட்டில் பதிந்து வைத்திருக்கிறோம். ஆனால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரங்கு எதுவும் புகைமூச்சை உள்ளே விடாது. சட்டம் அப்படி.

என் அப்பா தணிகாசலம் துறைமுகத்தில் கன்டெய்னர் ரோபோக்களை மேய்க்கிறவர். நான் பள்ளியில் பரிசு வாங்கிய நாளெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்று கை தட்டியவர். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் என்னுடையது. நாளை மறுநாள் பட்டமளிப்பு விழா. கிட்டத்தட்ட இரண்டு மாதம் முன்பு அதைச் சொன்னபோது, "நான் வெளில நின்னுக்கறேன் கனிமலர்" என்றார், ரொம்ப சாதாரணமாக.

"அப்ப அந்த பீடிக்கே பட்டத்தக் குடுத்துடறேன்" என்று கத்தினேன். அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இன்று காலை ஷிப்ட் முடிந்து வந்தவரை எங்கள் கதவு உள்ளே விடவில்லை. மூன்று முறை ஊதினார். "தெரியாதவர்" என்றது.

"கதவு கெட்டுப்போச்சு போல. படிச்ச பொண்ணு, வந்து பாரு."

நான் படித்ததே மூச்சுப்பூட்டுதான். கோபத்தோடு வெளியே வந்தேன். "கதவு நல்லாத்தான் இருக்கு. நீ புதுசா எதையோ இழுத்திருக்க. இன்னாப்பா அது?"

"ஒண்ணும் இழுக்கல."

நம்பவில்லை. பூட்டின் பதிவேட்டைத் திறந்தேன். ஐம்பத்திரண்டு நாளாக அவர் மூச்சின் பொருத்தம் சரிந்துகொண்டே வந்திருந்தது. தொண்ணூற்றெட்டு, தொண்ணூறு, எண்பத்தொன்று. இன்று அறுபத்தொன்பது. எழுபதுக்குக் கீழே போனால் பூட்டுக்கு அவர் வேற்றாள். காரணம் என்ற இடத்தில் இரண்டே வார்த்தை: புகை இல்லை.

இரண்டு தரம் படித்தேன். அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வுட்ட?"

"நீ பீடிக்குப் பட்டம் குடுக்கறேன்னு சொன்ன மறுநாளு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நாலு தடவ வுட்டுட்டேன்னு சொன்னேன். நாலு தடவையும் நீ சந்தோஷத்துல அல்வா கிண்டி தெருவுக்கே குடுத்த. அப்புறம் அதே தெருவுல பீடியோட நின்னேன். அஞ்சாவது அல்வாவ நெனச்சாலே பயமா இருந்துச்சு."

"மறுபடி ஆரம்பிப்பியா?"

கொஞ்சம் யோசித்தார். "தெரியல. இன்னிக்கு இல்ல."

பழைய பதிவை அழித்தேன். புது ஆளா, உறவு என்ன என்று கேட்டது பூட்டு. அப்பா என்று பதிந்தேன்.

இன்னொன்றும் செய்ய வேண்டியிருந்தது. மூன்று விநாடி ஊத முடியாமல் அவர் இருமிக்கொண்டு வாசலில் நிற்பதைப் பார்க்க முடியாமல், போன வருஷம் அவருக்கு மட்டும் ஒரு விநாடியாகக் குறைத்து வைத்திருந்தேன். அவருக்குத் தெரியாது. அதைத் திரும்ப மூன்றாக்கினேன்.

"ஊது."

ஊதினார். ஒன்று, இரண்டு, மூன்று. இருமல் வரவில்லை. கதவு திறந்துகொண்டது.

"போதும்ப்பா, தெறந்துடுச்சு."

இரு என்று கையைக் காட்டினார். கன்னம் உப்ப, கண்ணால் சிரித்தபடி, திறந்த கதவைப் பார்த்து இன்னும் ஊதிக்கொண்டே இருந்தார்.